தின்னாத கேக்

வாழ்நாள் முழுக்கத் திருடித் தின்றுவிட்டு, திருந்திய வருஷத்தில் பார்த்துப் பிடிபடுவதற்கு ஒரு தனி ராசி வேண்டும். மாஸ்டருக்கு அது தாராளமாகவே இருந்தது.

மாஸ்டர் என்றால் பாடம் நடத்துகிறவர் இல்லை, கேக் மாஸ்டர். கீழே முன்பக்கம் கண்ணாடி அலமாரியும் கல்லாவும், பின்பக்கம் ஓவன் அறை, மாடியில் வீடு. கல்லாவில் அவர் மனைவி. கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவளைக் கல்லாம்மா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் கட்டின புருஷனே அப்படித்தான் கூப்பிடுகிறார். ஓவன் முன்னால் நிற்பது அவளுடைய தம்பி. மாஸ்டருக்கு மச்சான். சூட்டில் நின்று நின்று முகம் எப்போதும் பன் மாதிரி மேல்பக்கம் மட்டும் சிவந்திருக்கும்.

மாஸ்டருக்குச் சுகர் வந்து பல வருஷம் ஆகிறது. மாத்திரையில் தொடங்கி, இப்போது காலையும் இரவும் ஊசி. இனிப்பைத் தொடக்கூடாது என்று டாக்டரம்மா சொன்னபோது, "தொழிலே தொடுறதுதானே டாக்டர்?" என்று கேட்டவர் அவர். ஆனால் தொடுவதோடு நிற்கவில்லை. கேக்கை அடுக்குவதற்கு முன் நாலு பக்கமும் ஓரத்தை வெட்டிச் சதுரமாக்க வேண்டும். அந்த ஓரங்கள் ஒரு ட்ரேயில் விழும். விற்கிற கேக் கணக்கில் வரும், ஓரம் வராது என்பது மாஸ்டரின் சித்தாந்தம். "கேக்கைத் தின்னா தப்பு. ஓரத்தைத் தின்னா சுத்தம் பண்றது" என்பார். கல்லாம்மா பின்னால் வந்து நின்று, "துப்புங்க" என்பாள். துப்புவார். பாதி உள்ளே போயிருக்கும்.

போன வருஷம் இதே விடுமுறை சீசனில், நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, கையை நடுங்கவிட்டு, "கல்லாம்மா, சுகர் இறங்குது" என்று கண்ணைச் செருகினார். அவள் பதறிப்போய்ப் பெரிய துண்டாக ஒன்றை வெட்டி, தன் கையாலேயே ஊட்டினாள். அப்புறம் சந்தேகம் வந்து மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தால், இறங்கின சுகர் மொட்டைமாடியில் நின்றுகொண்டிருந்தது. ஒரு வாரம் அவரோடு பேசவில்லை அவள். சாப்பாட்டுத் தட்டை வைக்கிற சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அந்தச் சீசன் முடிந்த கையோடு காலில் ஒரு சின்னப் புண் வந்தது. புண் பெரிசாகி, சுண்டுவிரலை எடுத்துக்கொண்டுதான் போனது. "இன்னொரு தடவை இந்தக் கால்ல புண் வந்து, அப்ப சுகரும் ஏறி இருந்துச்சுன்னா, விரலோட நிக்காது. புரியுதா?" என்றார் டாக்டரம்மா. "ஒம்பது விரலுக்கு ஒம்பது வார்னிங் கிடையாதா டாக்டர்?" என்று கேட்டுவிட்டு மாஸ்டர் தான் மட்டும் சிரித்தார். வீட்டுக்கு வந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். நாள் முழுக்க நின்றே செய்கிற தொழில் அது. உட்கார்ந்துகொண்டு ஐசிங் வைக்கிற மாஸ்டரை அவர் பார்த்ததேயில்லை.

அன்றைக்கு நிறுத்தினார். நிஜமாக நிறுத்தினார். ஓரம் இல்லை, உடைந்த பிஸ்கட் இல்லை, விரல் நுனி க்ரீம்கூட இல்லை. ருசி பார்க்கிற வேலையை மச்சானிடம் ஒப்படைத்தார்.

"மச்சான், இனிமே நீதான் என் நாக்கு."

"சரி மாமா."

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு மாமா."

"இது?"

"இதுவும் நல்லாருக்கு."

"இன்னும் நான் அதை உன் வாய்ல வைக்கவே இல்லைடா."

அப்படி ஒரு நாக்கு வாய்த்தது. இருந்தாலும் மாஸ்டர் பொறுத்துக்கொண்டார். வருஷம் பூராவும் சுகர் சொன்ன பேச்சைக் கேட்டு, கட்டுக்குள் நின்றது. கல்லாம்மாகூட ஒருநாள் மெஷினைப் பார்த்துவிட்டு, "ம்" என்றாள். அவள் 'ம்' என்றால் ஊரே எழுந்து கைதட்டின மாதிரி.

அப்போதுதான் அடுத்த விடுமுறை சீசன் வந்தது.

சீசன் என்றால் கடையில் கால் வைக்க இடமிருக்காது. மாவு மூட்டை மாடிப்படியில் ஏறி உட்காரும். முட்டை அட்டைகள் கட்டிலுக்கடியில் போகும். கீழே இருக்கிற பெரிய ஃப்ரீசர் போதாமல், வெண்ணெயும் க்ரீமும் மாடி வீட்டு ஃபிரிட்ஜுக்குக் குடிபெயரும். ஃப்ரீசர்மேல் மாஸ்டருக்குக் குலதெய்வத்துக்கு நிகரான பக்தி. வெண்ணெய், முட்டை வெள்ளை, பிசைந்த மாவு, வெட்டின பழம் எல்லாம் அதற்குள்தான். "உள்ள வச்சிட்டா எதுவும் கெடாது. மனுசனை நம்பாதே, ஃப்ரீசரை நம்பு" என்று வருகிற போகிற ஆட்களுக்கெல்லாம் சொல்வார்.

வெண்ணெய்ப் பெட்டிகள் மாடியேறி இரண்டு மூன்று நாளுக்குள் மெஷின் முதல்முறையாக முறைத்தது. இருநூற்றைம்பது.

"நாக்கை நீட்டுங்க" என்றாள் கல்லாம்மா.

"எதுக்கு?"

"நீட்டுங்கன்னா நீட்டுங்க."

நீட்டினார்.

"பழுப்பா இருக்கு. சாக்லேட்டா?"

"காபி. சர்க்கரை போடாத காபி. காலைல நீ கொடுத்த காபி."

"கையைக் காட்டுங்க." மோந்து பார்த்தாள். "வெண்ணெய் வாசனை வருது."

"ஏம்மா, நான் என்ன இரும்புப் பட்டறையிலயா வேலை பாக்கறேன்?"

"பேச்சை மாத்தாதீங்க. தின்னீங்களா, இல்லையா?"

"தின்னலை."

"சத்தியமா?"

"சத்தியமா."

சொன்ன பிறகுதான் மாஸ்டருக்கே உறைத்தது. போன வருஷமும் அதற்கு முந்தைய வருஷமும் இதே சத்தியத்தை இதே குரலில் பண்ணியிருக்கிறார். உண்மைக்கென்று தனியாக ஒரு குரலை அவர் எடுத்து வைத்திருக்கவில்லை.

அடுத்த நாள் இன்னும் ஏறியது. அதற்கடுத்த நாள் முந்நூறைத் தொட்டது. மாஸ்டருக்குத் தொண்டை காய்ந்தது. ஒரு குடம் தண்ணீரைக் குடித்துவிட்டு மாவு பிசையப் போவார், பிசைந்து முடிப்பதற்குள் இரண்டு தடவை ஒன்றுக்கு ஓடுவார். கண்ணில் கண்ணாடித்தாள் ஒட்டின மாதிரி எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. தராசு முள் எங்கே நிற்கிறது என்று மச்சானைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். இடுப்பில் துணி நிற்காமல் வழிந்தது. இதற்கெல்லாம் மேலே, அந்தக் காலில், விரல் போன இடத்துக்குப் பக்கத்தில், செருப்பு உரசி ஒரு கொப்புளம் வந்திருந்தது. பருப்பு அளவுதான். ஆனால் ஆறவில்லை.

கொப்புளத்தைப் பார்த்த அன்று கல்லாம்மா சண்டை போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மருந்து வைத்துக் கட்டினாள். அப்புறம் சர்க்கரை, வெல்லம், தேன் என்று வீட்டிலிருந்த இனிப்பையெல்லாம் ஒரு அலமாரியில் போட்டுப் பூட்டிச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோர்த்துக்கொண்டாள். கல்லாவைத் திருப்பி, ஓவன் அறை வாசலைப் பார்க்கிற மாதிரிப் போட்டுக்கொண்டாள். சில்லறை கொடுக்கிறபோதுகூட ஒரு கண் உள்ளேதான்.

டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணினாள்.

"சுகர் ஏறிக்கிட்டே போகுது டாக்டர்."

"என்ன சாப்பிடறார்?"

"எங்கிட்ட சாப்பிடறது சரியாத்தான் சாப்பிடறார். நான் பாக்காதப்ப என்ன சாப்பிடறார்னுதான் தெரியல."

"சீசன் டைமா?"

"ஆமா டாக்டர்."

"ம்ம். மருந்து ஃபிரிட்ஜ்லதானே இருக்கு?"

"ஃபிரிட்ஜ்லதான் டாக்டர்."

"சரி, ரெண்டு வேளையும் கொஞ்சம் ஏத்திப் போடுங்க. பாத்துட்டு மறுபடி சொல்லுங்க."

ஏற்றினாள். இறங்கவில்லை. மறுபடி போன், மறுபடி ஏற்றம். ஊசி போடுவது எப்போதும் அவள்தான். பால் மாதிரி வெள்ளையான மருந்துக் குப்பியை எடுப்பாள், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டுவாள், இழுப்பாள், மாஸ்டர் சட்டையைத் தூக்குவார், "சுருக்"கென்று முடிந்துவிடும். முன்பெல்லாம் அந்த நேரத்தில் ஏதாவது கதை சொல்லிக்கொண்டே குத்துவாள். இப்போது பேசாமல் குத்தினாள்.

மாஸ்டர் தன்மேலேயே சந்தேகப்பட ஆரம்பித்தார். தூக்கத்தில் நடந்துபோய்த் தின்கிறோமோ? காலையில் எழுந்ததும் தலையணையில் கேக் துணுக்கு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். ஐசிங் சர்க்கரை சலிக்கும்போது வெள்ளையாகப் புகை மாதிரிக் கிளம்புமே, அது மூக்கு வழியாகப் போகிறதோ? மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு துணியால் கட்டிக்கொண்டார்.

"என்ன மாமா இது, கொள்ளையடிக்கப் போறியா?" என்றான் மச்சான்.

"கொள்ளையடிச்சாச்சுன்னுதானே கேஸு. வேஷமாவது பொருத்தமா இருக்கட்டும்."

விடுமுறைக்கு மகள் வந்தாள். வெளியூரில் வேலை. வந்ததும் அப்பாவின் இடுப்பைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள். மாடிப்படியில் நின்று அம்மாவும் மகளும் பேசினது, மாவு மூட்டைக்கு இந்தப் பக்கம் நின்ற மாஸ்டருக்குக் காதில் விழுந்தது.

"அவருக்கு நம்மளைவிட ஓரம்தாம்மா முக்கியம். விட்டுரு."

"எப்படிடி விடறது? கால் போயிடும்டி."

"அவருக்கே இல்லாத பயம் உனக்கெதுக்கு?"

கல்லாம்மா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது.

மாஸ்டர் திரும்பி வந்து வெண்ணெயை மிக்ஸரில் போட்டார். அந்தச் சத்தத்துக்குள்தான் அவர் ஒரு சொற்பொழிவைத் தயாரிக்கத் தொடங்கினார். என்றைக்காவது ஒருநாள் தான் தின்னவில்லை என்று நிரூபணமாகும். அன்றைக்குக் குடும்பத்தையே வரிசையாக நிறுத்தி வைத்துப் பேச வேண்டியது. 'ஒரு மனுஷன் வருஷம் பூரா வாயைக் கட்டினான். அவனை நாக்கை நீட்டச் சொன்னீங்க...' என்று ஆரம்பம். நடுவில் சுண்டுவிரல் பற்றி உருக்கமாக ஒரு பகுதி. முடிவில் மகளைப் பார்த்து, 'ஓரம்தான் முக்கியமாம்மா எனக்கு?' என்று தழுதழுத்த குரலில் ஒரு கேள்வி. வெண்ணெய் வெளுத்துப் பொங்குகிறவரை மிக்ஸர் ஓட ஓட, சொற்பொழிவும் பொங்கி வந்தது. ஒவ்வொரு நாளும் மெருகேற்றினார். கேட்கத்தான் ஆளில்லை.

விடுமுறைக்கு முந்தைய நாள் வந்தது. அந்த ஒரு நாள் வியாபாரத்துக்காகத்தான் மற்ற நாளெல்லாம் கடை திறந்திருக்கிறது என்று சொல்லலாம்.

காலையிலேயே பழைய குப்பி தீர்ந்து, மகள் முந்தின நாள் வாங்கி வைத்த புதுக் குப்பியைக் கல்லாம்மா உடைத்தாள். மெஷினில் முந்நூற்றுச் சில்லறை. சந்தேகத்துக்கு ஒன்று, உறுதிப்படுத்த ஒன்று என்று இத்தனை நாளும் குத்திப் பார்த்ததில், மெஷினில் செருகுகிற ஸ்ட்ரிப் டப்பாவில் அதுதான் கடைசி. ஏற்றின அளவுக்கே மருந்தை இழுத்து, பேசாமல் போட்டாள். மாஸ்டர் இரண்டு இட்லி அளவுக்கு ஏதோ வாயில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார்.

மதியம் வரை தலை நிமிரவில்லை. வாசலில் வரிசை தெருமுனையைத் தொட்டது. மச்சான் ட்ரேயை உள்ளே தள்ளுவதும் வெளியே இழுப்பதுமாக இருந்தான். ஒரு கம்பெனியிலிருந்து ஆர்டர் சொன்ன மூன்றடுக்குக் கேக் மேஜையில் நின்றது. அதற்கு ரோஜா வைக்க வேண்டியதுதான் பாக்கி. மாஸ்டரின் சாப்பாடு மாடியில் மூடி வைத்தபடியே ஆறிக்கொண்டிருந்தது. மகள் ஸ்ட்ரிப் வாங்கப் போயிருந்தாள். முதல் மருந்துக்கடை விடுமுறை போட்டுவிட்டதால் அடுத்ததைத் தேடிக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் க்ரீம் கோனைப் பிடித்து முதல் ரோஜாவைச் சுற்றினார். நன்றாக வந்தது. இரண்டாவது ரோஜா சரிந்தது. மூன்றாவது ரோஜா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முட்டைக்கோஸ் மலர்ந்திருந்தது. அவர் அதை உற்றுப் பார்த்தார். கண்தான் மங்கல் என்று நினைத்தார். பிறகுதான் கை நடுங்குவது தெரிந்தது. கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்த வேர்வை. ஓவன் பக்கத்தில் நின்று எப்படிக் குளிரும்? நெஞ்சு கடகடவென்று அடித்தது.

"கல்லாம்மா" என்றார். "எனக்குச் சுகர் இறங்குது."

அவள் ஒருவருக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாள். தலையைத் திருப்பவில்லை.

"ஆமாமா. போன வருஷமும் இதே நாள்தான் இறங்குச்சு. காலண்டர் பாத்து இறங்குது."

"நெஜமாம்மா."

"போன வருஷமும் அதைத்தான் சொன்னீங்க."

வரிசையில் நின்ற ஒருவர் சிரித்தார். இந்த ஜோடியின் சண்டையைக் கேட்பதற்காகவே அந்தக் கடைக்கு வருகிற ஆட்கள் உண்டு.

மாஸ்டர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். "மெஷின்ல பாரு."

"ஸ்ட்ரிப் எங்க இருக்கு? காலைல பாத்ததோட தீந்துடுச்சு. உங்க பொண்ணு வந்தாத்தான்."

"காலைல... எவ்வளவு?"

"முந்நூத்திச் சில்லறை. முந்நூறு எப்படிங்க அதுக்குள்ள இறங்கும்? லிஃப்ட்ல வந்துச்சா?"

இதற்கு ஒரு பதில் இருந்தது. மாஸ்டருக்கு அது தெரியும். நல்ல பதில், வரிசையில் நிற்கிறவர்கள் குலுங்கிச் சிரிக்கிற மாதிரியான பதில். மேல் தட்டில் வைத்த டப்பா மாதிரி அது எங்கோ உயரத்தில் இருந்தது. கை எட்டவில்லை. எட்ட வேண்டும் என்றும் தோன்றவில்லை.

"சரி" என்றார்.

கல்லாம்மாவின் கை சில்லறையோடு நின்றது.

கல்யாணமான நாளிலிருந்து இன்றுவரை, அவள் ஒன்று சொன்னால் அவர் ஒன்று சொல்லாமல் இருந்ததில்லை. விரலை எடுக்க உள்ளே தள்ளிக்கொண்டு போனபோதுகூட, "மிச்சத்தை எண்ணி வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அவள் எழுந்து உள்ளே வந்தாள். இன்னும் நம்பவில்லை. முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, ஓரம் வெட்டின துண்டுகள் கிடந்த ட்ரேயை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இந்தாங்க. ஓரம். இதுக்குத்தானே இவ்வளவு நடிப்பு? எடுத்துக்குங்க."

மாஸ்டர் ட்ரேயைப் பார்த்தார். பழுப்பாக, நீள நீளமாக என்னவோ கிடந்தது. இது என்ன? எதற்காக இதை நீட்டுகிறாள்? எதிரில் நிற்கிற இந்த அம்மாளை எங்கோ பார்த்த ஞாபகம். நல்ல அம்மாளாகத் தெரிகிறாள், ஏன் கத்துகிறாள்?

ட்ரே கீழே விழுந்தது. அந்தச் சத்தம் அவருக்குப் பக்கத்துத் தெருவில் கேட்டது.

"டேய் தம்பி! பிடிடா மாமாவை!"

மச்சான் பின்னாலிருந்து தாங்கினான். மாஸ்டரின் முழங்கை மூன்றடுக்கில் நடு அடுக்குக்குள் முழுசாகப் புகுந்து வெளியே வந்தது. தரையில் உட்கார வைத்தார்கள். கல்லாம்மா கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்தாள். சாவி வந்தது, ஆனால் அலமாரி மாடியில் இருந்தது. ஒரு கணம் அவள் சாவியைப் பார்த்தாள். சர்க்கரை மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு சர்க்கரையைத் தேடுகிறோம் என்பது அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. கேக்கை நனைப்பதற்காகச் சர்க்கரைப் பாகு ஊற்றி வைத்திருந்த பிளாஸ்டிக் பாட்டில் மேஜையிலேயே இருந்தது. பாய்ந்து எடுத்து, அதன் கூர்மூக்கை அவர் கன்னத்துக்குள் வைத்து மெதுவாக அமுக்கினாள்.

மாஸ்டர் வாயை இறுக்கினார். ஒரு வருஷப் பழக்கம். இனிப்பு நாக்கில் பட்டதும், மூளை இல்லாமலேயே உடம்பு துப்பியது.

"துப்பாதீங்க!" என்று அலறினாள் கல்லாம்மா. வருஷக்கணக்காக 'துப்புங்க, துப்புங்க' என்று சொல்லிவந்த வாய். "முழுங்குங்க... என்னங்க... முழுங்குங்க. உங்க கால்ல விழறேன், முழுங்குங்க."

கொஞ்சம் முழுங்கினார். இன்னும் கொஞ்சம் விட்டாள். அவர் தாடையிலும் அவள் கையிலும் சேலையிலும் பாகு வழிந்தது. ஓவனுக்குள் ஒரு ட்ரே கருகுகிற வாசனை வந்தது. யாரும் அசையவில்லை.

மாஸ்டர் திரும்பி வந்தது நாக்கு வழியாகத்தான். முதலில் இனிப்பு வந்தது. அப்புறம் வெளிச்சம். அப்புறம் தரையின் சூடு, மச்சானின் வேர்வை வாடை, கல்லாம்மாவின் முகம். அந்த முகத்தில் மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் ஒழுகிக்கொண்டிருந்தது. இனிப்போடு சேர்ந்து இன்னொன்று வரவேண்டுமே, வரவில்லையே என்று அவருக்கு ஒரு குறை தோன்றியது. என்னவென்று பிடிபடவில்லை.

"நான் யாரு? சொல்லுங்க" என்றாள் அவள்.

"கல்லாம்மா" என்றார். "கல்லாவை விட்டுட்டு இங்க என்ன பண்றே? எவனாவது அள்ளிட்டுப் போயிடப்போறான்."

அவள் அவர் தோளில் பளாரென்று ஒரு அடி அடித்தாள். பிறகு அதே தோளில் தலையை வைத்துக்கொண்டாள்.

மகள் ஸ்ட்ரிப்போடு ஓடிவந்தாள். குத்திப் பார்த்தார்கள். அவ்வளவு பாகு உள்ளே போன பிறகும் அறுபதுதான் இருந்தது. மகள் முகம் வெளுத்து, டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். டாக்டரம்மா முதலில் அவரைச் சாப்பிடச் சொன்னார், கொஞ்சம் விட்டு மறுபடி பார்க்கச் சொன்னார், சாயங்காலமே கிளினிக்குக்கு அழைத்து வரச் சொன்னார். அப்புறம் கேட்டார்:

"காலைல எந்த மருந்து போட்டீங்க? புது பாட்டிலா?"

"ஆமா டாக்டர். பழசு தீந்துடுச்சு."

"பழசு போட்டவரைக்கும் இறங்கவே இல்ல. புதுசு போட்டதும் ஒரேடியா இறங்கிடுச்சு. அப்ப பழசுலதான் கோளாறு. அந்த பாட்டில் இருக்கா?"

கல்லாம்மா மாடிக்குப் போய்க் குப்பைக்கூடையிலிருந்து எடுத்து வந்தாள். அடியில் ஒரு சொட்டு மிச்சமிருந்தது. மாஸ்டர் வாங்கி, கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளை வெள்ளையாகத் திப்பி ஒட்டியிருந்தது. மங்கின கண்ணுக்கே தெரிகிற மாதிரி. அதை அவர் வேறு பாத்திரத்தில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். உறைந்து உருகின க்ரீம் இப்படித்தான் திரிந்து நிற்கும். அதற்கப்புறம் எவ்வளவு அடித்தாலும் எழும்பாது. அவருடைய குலதெய்வம் காப்பாற்றாத ஒரே பொருள் அந்த க்ரீம்தான்.

"ஃப்ரீசர்ல இருந்துச்சா?" என்று கேட்டது போன். "இன்சுலின் ஒரு தடவை உறைஞ்சா அவ்வளவுதான், வேலை செய்யாது. யார் ஃப்ரீசர்ல வச்சது?"

கல்லாம்மாவின் கை வாயைப் பொத்தியது. அதைப் பார்த்தார் மாஸ்டர். வெண்ணெய் மாடியேறின அன்று ஃபிரிட்ஜில் ஊசி நுழைய இடமில்லை. ஊசி மருந்துக்கு எங்கே இடமிருந்திருக்கும்?

"நான்தான் டாக்டர்" என்றார். "வெண்ணெய்னு நினைச்சு."

"வெண்ணெயா? உங்களை..." டாக்டரம்மா நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கினார். போனை வைத்ததும் மகள் ஆரம்பித்தாள். "அறிவிருக்காப்பா உங்களுக்கு? செத்திருப்பீங்க!" மச்சானும் தன் பங்குக்கு, "என்ன மாமா நீ" என்றான். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். வாங்கிப் பழகின தலை.

"நிறுத்துங்க" என்றாள் கல்லாம்மா.

எல்லாரும் நிறுத்தினார்கள்.

"அவர் வைக்கல. நான்தான் வச்சேன். ஒரே ஒரு ராத்திரி. வெண்ணெய் வந்த அன்னிக்கு உள்ள இடமே இல்ல. வெளில வச்சாக் கெட்டுடும்னு பயம். இவர்தானே சொல்வார், ஃப்ரீசர்ல வச்சா எதுவும் கெடாதுன்னு? காலைல பாத்தா கட்டியா இருந்துச்சு. கைல வச்சு உருட்டினேன், கரைஞ்சிடுச்சு. சரியாயிடுச்சுன்னு நினைச்சேன்." பாகு ஒட்டின கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணுமே இல்லாத தண்ணியை இவர் வயித்துல தினம் குத்திட்டு, நாக்கை நீட்டுங்கன்னேன். இவர் தின்னவே இல்லடி. இவர் ஒண்ணுமே தின்னல."

மகள் அப்பாவைப் பார்த்தாள். மச்சான் பார்த்தான். வரிசையில் முன்னால் நின்ற நாலு பேரும் எட்டிப் பார்த்தார்கள். சொற்பொழிவுக்கு இதைவிட நல்ல கூட்டம் கூடாது. மாஸ்டர் வாயைத் திறந்தார்.

ஆரம்பம் ஞாபகம் இருந்தது. சுண்டுவிரல் பகுதியும் இருந்தது. ஆனால் எதிரே கல்லாம்மா கையெல்லாம் பாகு ஒழுக, தலையெல்லாம் கலைந்து, தீர்ப்புக்கு நிற்கிற மாதிரி நின்றாள். அவர் நாக்கைச் சப்புக்கொட்டினார். அந்தக் குறை என்னவென்று இப்போது பிடிபட்டுவிட்டது.

"மச்சான்" என்றார்.

"என்ன மாமா?"

"பாகுல வெனிலா எங்கடா?"

மச்சான் விழித்தான். "வெனிலாவா?"

"அடுப்புல இருந்து இறக்கினதும் ஒரு மூடி ஊத்தணும்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே மாமா... சீசன் அவசரத்துல..."

"எத்தனை நாளா ஊத்தல?"

மச்சான் ஓவனைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். "சீசன்... பூராவும்."

"சீசன் பூரா ஊருக்கே வெனிலா இல்லாத கேக்கைத் தின்னக் குடுத்திருக்கான்! நாக்கா இது? செருப்புக்கு அடியில ஒட்ட வேண்டியதை வாய்க்குள்ள வச்சிருக்கான்!"

வரிசையில் ஒருவர், "நானும் என்னமோ குறையுதேன்னு நினைச்சேன்" என்றார். முதலில் மகள்தான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையில் மூன்றடுக்குக் கேக்கின் நடு அடுக்கு அப்படியே அப்பியிருந்தது. கல்லாம்மா சிரிக்கவில்லை. மாடிக்குப் போய், ஆறின சோற்றைச் சூடு பண்ணி எடுத்துவந்து, அவர் கடைசிக் கவளம் விழுங்குகிறவரை நின்று பார்த்தாள். கம்பெனிக்காரர்களுக்கு இரண்டடுக்குக் கேக்தான் போனது.

சாயங்காலம் கிளினிக்கில் கொப்புளத்தைக் கிள்ளியும் அழுத்தியும் பார்த்த டாக்டரம்மா, இன்னும் ஆழமாகப் போகவில்லை, பிழைத்தீர்கள் என்றார். பிழைப்பதும் பிழைக்காததும் இனிமேல்தான் தெரியும் என்றும் சேர்த்துக்கொண்டார். மருந்தைப் பழைய அளவுக்கே இறக்கினார். நாற்காலியில் உட்கார்ந்துதான் வேலை என்று எழுதிக் கொடுத்தார். உட்கார்ந்து ஐசிங் வைக்கிற மாஸ்டரை முதல்முறையாகக் கண்ணாடியில் பார்க்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே வீடு வந்தார்.

சாப்பாட்டுக்கு முன்னால் கல்லாம்மா மெஷினில் பார்த்தாள். புதுக் குப்பியை எடுத்து வந்தாள். ஃபிரிட்ஜில் இப்போது தாராளமாக இடமிருந்தது. உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டினாள். உருட்டிக்கொண்டே இருந்தாள். மருந்தை ஊசியில் இழுத்தபோது அவள் கை நடுங்கியது. கண்ணை மூடிக்கொண்டு குத்தினாலும் சரியாகக் குத்துகிறவள்.

குப்பியை விளக்குக்கு நேரே பிடித்து அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினாள்.

"நல்லாப் பாருங்க. சரியா இருக்கா?"

மாஸ்டர் பார்த்தார். வெள்ளையாக ஒரு மங்கல். அதற்குள் திப்பி இருக்கிறதா இல்லையா என்று அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை. 'சரியா இருக்கு' என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவள் கை நடுக்கம் நின்றுவிடும். வாய்வரை வந்தது.

"தெரியல" என்றார். "கண்ணு இன்னும் மங்கலாத்தான் இருக்கு. நீயே பாரு."

அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சுத்தமா இருக்கு."

"அப்ப சரி."

"போடட்டுமா?"

இத்தனை வருஷத்தில் அவள் அதைக் கேட்டதேயில்லை. மாஸ்டர் சட்டையைத் தூக்கினார்.

"போடு" என்றார். "போடும்போது பழைய மாதிரி ஏதாவது கதை சொல்லு. சும்மா குத்தினா வலிக்குது."